மூச்சை அடக்கிக் கேள்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நீயும் மாமாவும் சௌக்கியம்தானே? இங்கே நாங்கள் மூன்று பேரும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை, அதனால் இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன்.

நீ போன் செய்ததெல்லாம் தெரியும். எடுக்கவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. எல்லாரும் "எப்படி இருக்கே?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அதற்கு மேல் எனக்கு நாக்கு புரள்வதில்லை. கடிதம் என்றால் யோசித்து எழுதலாம், நீயும் நடுவில் குறுக்கே பேச முடியாது.

விஷயம் இதுதான். உன் தம்பி பொண்டாட்டி ஆசை ஆசையாய் வளர்த்த எலிகள் இரண்டில் பெரியது, குண்டு, ஆங்கில வருஷப் பிறப்பிலிருந்து தும்முகிறது. மூக்கிலும் கண்ணோரத்திலும் ரத்தம் மாதிரி சிவப்பாக ஒட்டியிருக்கிறது. மூச்சு விட்டால் கிர்ர் என்று ஒரு சத்தம். லிஃப்ட் கதவு ஓடுகிற தடத்தில் மண் சேர்ந்தால் வருமே, அந்த மாதிரி. ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் காதால் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்கிற மெக்கானிக் நான். இதை மட்டும் கேட்க முடியாமல் காதைப் பொத்திக்கொள்கிறேன். ஏனென்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. போவதற்கு முன் கடைசி வருஷம் முழுக்க அவள் மூச்சு இப்படித்தான் இருந்தது.

இங்கே உள்ள மிருக டாக்டர் நாய் பூனைக்கு மேல் எதையும் தொடமாட்டாராம். மருந்துக் கடைக்காரர், "எலிக்கு மருந்தா? இருக்கே, வச்சீங்கன்னா காலையில செத்துக் கிடக்கும்" என்று சிரித்தார். நானும் கூடச் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து அழுதேன்.

நீயும் மிருக டாக்டர்தானே, உன்னிடம் எலிகளும் வரும் என்று ஒரு முறை சொன்னாய். அவள் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதுங்களைப் பார்த்துக்கோங்க" என்றாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. இதைக்கூடச் செய்யவில்லை என்றால் நான் என்ன புருஷன்? சின்னது, வாலு, இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. பெயருக்கேற்ற சேட்டை. உடனே எழுது.

உன் தம்பி

ஜனவரி 17

என் தம்பிக்கு,

மாமாவுக்கு முட்டி வலி, எனக்கு உன் கவலை, மற்றபடி நலம். நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று ஒரு வரி கிடையாது. எலியின் மூக்கைப் பற்றி ஒரு பக்கம்! சரி, எலியிடமே வருகிறேன்.

அது ரத்தம் இல்லை, பதறாதே. எலிக்குக் கண்ணுக்குப் பின்னால் ஒரு சுரப்பி உண்டு. உடம்பு முடியாமல் போனால் அதிலிருந்து சிவப்பாக வடியும். ஈரத் துணியால் துடைத்துவிடு. இப்படித் தும்ம வைக்கிற கிருமி ஏறக்குறைய எல்லா வளர்ப்பு எலிக்குள்ளும் குட்டியிலிருந்தே குடியிருக்கிறது. தெம்பாக இருக்கிற வரை சும்மா கிடக்கும், தளர்ந்தால் தலைதூக்கும். மருந்து அதை அடக்கும், வேரோடு பிடுங்காது. இதைத் தெரிந்துகொண்டு வைத்தியத்தை ஆரம்பி.

கூண்டில் மரச்சீவல் போட்டிருந்தால் இன்றைக்கே அள்ளிக் கொட்டு. அந்தத் தூசியே ஆளைக் கொல்லும். பழைய பருத்தித் துணி போட்டு தினமும் மாற்று. மூத்திர வாடை உன் மூக்குக்கு எட்டினால், அதன் நெஞ்சுக்கு எப்போதோ எட்டிவிட்டது என்று அர்த்தம். மருந்துச் சீட்டு உள்ளே வைத்திருக்கிறேன். அந்தச் சிரித்த மனுஷனிடமே நீட்டு.

காலையும் மாலையும் குண்டுவைத் தூக்கி, போன் மாதிரி காதோடு வைத்துக் கேள். என் போனைத்தான் எடுக்கமாட்டாய், இதையாவது எடு. சத்தம் கூடுகிறதா குறைகிறதா என்று எழுது.

இன்னொன்று. அவளுக்கு மருந்தை ஆவியாக்கிக் கொடுத்தாயே, அந்த நெபுலைசர் வீட்டில் இருக்கிறதா? எலியை ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் விட்டு அந்த ஆவியைப் பிடிக்க வைத்தால் பாதி நோய் அதிலேயே இறங்கும்.

சண்டைக்குத் தயாராக இருக்கும்
அக்கா

பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

மாமாவின் முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா? நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். உன் கேள்விக்குப் பதில் ஆயிற்று.

மரச்சீவலைக் கொட்டிவிட்டு அவளுடைய பழைய பருத்திச் சட்டைகளைக் கிழித்துப் போட்டேன். கிழிக்கும்போது ஒரு மாதிரி இருந்தது. போட்ட பிறகு இரண்டும் அதற்குள் புதைந்து தூங்கியதைப் பார்த்ததும் சரியாகிவிட்டது. மருந்தைத் தவறாமல் இரண்டு வேளையும் கொடுக்கிறேன். அவள் எதையும் பாலில் தோய்த்துத்தான் கொடுப்பாள். நானும் அப்படியே பாலில் கலந்து கொடுக்கிறேன். ஒரு சொட்டு விடாமல் நக்கிவிடுகிறது. ஆனால் சத்தம் கொஞ்சமும் குறையவில்லை. எடைதான் குறைகிறது.

நீ சொன்னபடி காதில் வைத்துக் கேட்கிறேன். வைத்தால் எடுக்க மனம் வருவதில்லை அக்கா. கண்ணை மூடிக்கொண்டால், அவள் பக்கத்தில் படுத்திருக்கிற மாதிரியே இருக்கிறது.

வாலு என்னிடம் வருவதே இல்லை. எலி சந்தோஷமாக இருந்தால் பல்லை நறநறவென்று கடிக்கும் என்று அவள் சொல்வாள். அவள் தோளில் உட்கார்ந்துகொண்டு இரண்டும் அப்படிச் செய்யும். அவள் மூச்சு இரைப்புக்கு நடுவில் அதைக் கேட்டுச் சிரிப்பாள். எனக்கு ஒரு நாளும் செய்ததில்லை. நான் சோறு போடுகிறவன், அவ்வளவுதான்.

எனக்கும் லேசாகச் சளி. அதை விடு. குண்டுவுக்கு வேறு மருந்து எழுது.

தம்பி

பிப்ரவரி 10

தம்பி,

உன் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்ததாக நினைத்துக்கொள். பாலிலா கலப்பாய்? இந்த மருந்துக்கும் பாலுக்கும் எலிக்கும் பூனைக்கும் உள்ள உறவுதான். பால் அதைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவே விடாது. இத்தனை நாள் நீ கொடுத்தது வெறும் பால். நானும் முதல் கடிதத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். வேறு மருந்தெல்லாம் வேண்டாம். அதையே மசித்த வாழைப்பழத்தில் வைத்துக் கொடு.

நெபுலைசர் பற்றிக் கேட்டேனே? பதில் சொல்லாமல் தாண்டிப் போயிருக்கிறாய். நான் கவனிக்காமல் இல்லை. அது எந்த அலமாரியில் இருக்கிறது, ஏன் நீ அதைத் திறப்பதில்லை என்றெல்லாம் எனக்குத் தெரியும். திற. அந்த மெஷினுக்குள் அவள் இல்லை, ஒரு மோட்டார்தான் இருக்கிறது. மோட்டாரைப் பார்த்து நீ பயப்படலாமா?

உடம்பைப் பார்த்துக்கொள். மாமா கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

அக்கா

ஏப்ரல் 14

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதங்கள் எல்லாம் மேஜை மேல்தான் இருக்கின்றன. பதில் போடாததற்கு என்ன திட்டினாலும் தகும். நீங்கள் இருவரும் நலம் என்று நம்புகிறேன்.

பழத்தில் வைத்துக் கொடுக்க ஆரம்பித்ததும் மருந்து பிடித்தது. தும்மல் நின்றது. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அலமாரியைத் திறந்தேன். முகத்தில் வைக்கிற மாஸ்க்கில் அவள் முடி ஒன்று சிக்கியிருந்தது. அதை எடுத்துப் பத்திரமாக வைத்துவிட்டு, குழாயை மட்டும் பெட்டிக்குள் விட்டேன். மெஷின் ஓடத் தொடங்கியதும் குண்டு ஆவிக்குள் மறைந்துபோனது. "போதும், நிறுத்துங்க" என்று வழக்கம்போல் அவள் சொல்வாள் என்று காத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மருந்து தீர்ந்து மெஷின் வெறுமனே ஓடுகிற வரை நிறுத்தவில்லை.

மார்ச் முழுக்கக் குண்டு நன்றாக இருந்தது. கூண்டின் மேல்தட்டுக்கு ஏறியது. என் விரலைக் கடித்ததுகூட உண்டு. போன வாரம் திடீரென்று சுருண்டு படுத்தது. மூச்சுக்குழாய் விரியும் என்று நீ எழுதியபடி கறுப்புச் சாக்லேட் துளி நாக்கில் தடவினேன், ஆவி பிடிக்க வைத்தேன். சனிக்கிழமை மத்தியானம் என் உள்ளங்கையில் போய்விட்டது. வயசுதான், இரண்டு வருஷம் தாண்டினாலே எலிக்குக் கிழப்பருவம் என்று நீ சொல்வாய். தெரியும். தெரிந்து என்ன?

வாலுவிடம் காட்டினேன். மீசையை நக்கிவிட்டது. பிறகு ஒரு மூலையில் போய் முதுகைக் காட்டிக்கொண்டு படுத்தது. ஜன்னலோரத் தொட்டியில் புதைத்திருக்கிறேன்.

இனி ஒன்றுதான் பாக்கி. அதையாவது காப்பாற்றவேண்டும்.

தம்பி

மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் ஆறுதல் கடிதம் கிடைத்தது. மாமா நடக்க ஆரம்பித்தது சந்தோஷம். வாலுவைத் தனியாக விடாதே என்றாய். சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் டீ போடுகிறேன்.

இதை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப யோசித்தேன். குண்டு போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. சத்தம் போகவில்லை.

வாலுவுக்கும் வந்துவிட்டதோ என்று பதறிக் காதில் வைத்தேன். புது மோட்டார் மாதிரி சுத்தமாக இருக்கிறது. ஃபிரிட்ஜை நிறுத்தினேன். தண்ணீர்க் குழாயை மூடினேன். ஜன்னல் இடுக்கில் காகிதம் செருகினேன். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பிடிப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது, உனக்கே தெரியும். உயரமான கட்டடத்தில் எந்த மாடியில் எந்த போல்ட் தளர்ந்திருக்கிறது என்று கீழே நின்றே சொல்வேன். இது ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது. கட்டிலிலிருந்து. வேலை முடிந்து வந்து, ஷூவைக் கழற்றிவிட்டு, அவள் படுக்கிற பக்கமாகச் சாய்ந்தால், தலையணைக்குள்ளிருந்து வருகிற மாதிரி கேட்கிறது. கிர்ர். கொஞ்சம் இடைவெளி. மறுபடி கிர்ர். அது அவள் மூச்சு அக்கா. அதைக் கேட்டுக்கொண்டே ஒரு வருஷம் பக்கத்தில் படுத்திருந்தவனுக்குத் தெரியாதா?

பைத்தியம் என்று நினைத்துக்கொள்ளாதே. எனக்குப் பயமே இல்லை. உண்மையைச் சொன்னால் சந்தோஷமாக இருக்கிறது. வேலை முடிந்ததும் ஓடி வருகிறேன். வாலுவும் மாறிவிட்டது. நான் படுத்ததும் ஏறி வந்து என் நெஞ்சில் முகத்தை வைத்துக்கொண்டு பல்லை நறநறக்கிறது! அவளுக்கு மட்டும் செய்ததை எனக்குச் செய்கிறது. அதற்கும் அவள் இருப்பது தெரிந்திருக்கவேண்டும்.

மற்றபடி நலம். மோட்டார் ரூம் படியை மட்டும் ஒரே மூச்சில் ஏற முடிவதில்லை, நடுவில் உட்காரவேண்டியிருக்கிறது. பெல்ட்டில் புதிதாக ஓர் ஓட்டை போட்டேன். வயசாகிறதே.

தம்பி

மே 28

தம்பி,

நலம் விசாரிப்பு அப்புறம். நான் சொல்வதைச் செய், காரணம் கேட்காதே.

வாலுவைக் கூண்டோடு கீழ் வீட்டு டீச்சரிடம் கொண்டுபோய்க் கொடு. மின்விசிறியை நிறுத்து. அவள் பக்கம் போய் உட்கார். சத்தம் வந்ததும், உன் மூச்சை முடிந்த மட்டும் அடக்கிக்கொண்டு கேள். அப்போதும் சத்தம் வருகிறதா, இல்லையா? ஒரே ஒரு வார்த்தை எழுதினால் போதும். இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே செய்.

அக்கா

ஜூன் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் இருவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே எல்லாம் நல்லபடியாக இருக்கிறது.

வெயில் தாங்கவில்லை. வாலுவுக்கு ஈரத் துணி விரித்து வைக்கிறேன். எடை கூடியிருக்கிறது. ஆஸ்பத்திரி லிஃப்ட் ஒன்று மூன்றாவது மாடிக்கும் நான்காவதுக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே இருந்த பெரியவர் கதவைத் திறந்ததும், "இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா நல்லாத் தூங்கியிருப்பேன்" என்றார். எல்லாரும் சிரித்துவிட்டோம். கீழ் வீட்டு டீச்சர் வாலுவுக்குத் துணியில் ஒரு தொட்டில் தைத்துக் கொடுத்திருக்கிறார். ஒரு நாள் அவரிடம் விட்டிருந்தேன், அதிலிருந்து ஒட்டிக்கொண்டார். கதவுக்கு எண்ணெய் போட்டேன். ஜன்னலோரத் தொட்டியில் ஏதோ முளைத்திருக்கிறது, என்ன செடி என்று தெரியவில்லை.

மாமாவுக்கு என் வணக்கம்.

தம்பி

ஜூலை 6

தம்பி,

கதவுக்கு எண்ணெய் போட்டாயா? பெரிய சாதனை. ஒரு வார்த்தை கேட்டேன், ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். நீ எழுதாமல் விட்டதைத்தான் நான் முதலில் படித்தேன். வாலுவை டீச்சரிடம் ஒரு நாள் விட்டிருந்தாயாமே. எதற்காக விட்டாய் என்று எனக்குத் தெரியாதா?

நீயே சொல்வாய் என்று பார்த்தேன். சொல்லமாட்டாய். அதனால் நான் சொல்கிறேன். அது அவள் இல்லை. உன் நெஞ்சு. உனக்குள்ளே சளி கட்டிப் பழுத்துக் கிடக்கிறது. நாளெல்லாம் மோட்டார் சத்தத்தில் நிற்கிறவனுக்குத் தன் மூச்சு கேட்காது. சாயங்காலம் வீடு அமைதியானதும் கேட்கிறது. "லேசாகச் சளி, அதை விடு" என்று பிப்ரவரியில் எழுதினாய். நானும் விட்டேன் பார், என்னைச் செருப்பால் அடிக்கவேண்டும். எலி தும்மியதற்கு மூன்று பக்கம் எழுதினவள், கூடப் பிறந்தவனின் பெல்ட் ஓட்டையைப் படிக்கிற வரை விழித்துக்கொள்ளவில்லை.

நாளைக்கே டாக்டரிடம் போ. மனுஷ டாக்டரிடம். போய்விட்டேன் என்று எழுது.

அக்கா

ஜூலை 14

அக்கா,

நீ சொன்னபடியே செய்தேன். அன்றைக்கே செய்தேன். கட்டிலில் உட்கார்ந்தேன். வந்தது. மூச்சை அடக்கினேன். நின்றுவிட்டது. தற்செயலாக இருக்கும் என்று திரும்பவும் அடக்கினேன். திரும்பவும் நின்றது. கண் இருட்டுகிற வரை அடக்கிப் பார்த்தேன். வீட்டில் ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை.

அப்போதுதான் அவள் செத்தாள் அக்கா. ஆஸ்பத்திரியில் இல்லை. அங்கே நான் அழக்கூட இல்லை, யாரோ நீட்டிய காகிதங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். கட்டிலில் உட்கார்ந்து மூச்சை அடக்கிக்கொண்டிருந்தபோதுதான் அவள் செத்தாள். அதற்கு மேல் தாங்காமல் மூச்சை விட்டேன். திரும்பி வந்துவிட்டாள்.

டாக்டரிடம் போ என்கிறாய், போனால் மாத்திரை கொடுப்பார். அதை எப்படிச் சாப்பிடுவேன்? தலையணையிலிருந்து வந்தால் என்ன, என் நெஞ்சிலிருந்து வந்தால் என்ன? சத்தம் அவளுடையதுதான். ஒரு தடவை அவளைக் காப்பாற்ற முடியவில்லை. இப்போது என் கையாலேயே நிறுத்தச் சொல்கிறாயா? நான் போகப்போவதில்லை. நீயும் வராதே. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை.

தம்பி

ஜூலை 19

தம்பி,

உன் கடிதத்தைப் படித்து மாமா அழுதார். நான் ஒரு தட்டை உடைத்தேன். உனக்காக எத்தனை தட்டு வேண்டுமானாலும் உடைப்பேன், ஆனால் கெஞ்சமாட்டேன். அக்கா சொன்னால்தான் கேட்கமாட்டாய். இப்போது எலி டாக்டர் பேசுகிறேன், கேள்.

மனுஷன் நெஞ்சில் இருக்கிற கிருமிகளில் சிலது எலிக்கும் தாவும். அது எலிக்கு வந்தால் உனக்கு மாதிரி மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டிருக்காது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே முடிந்துவிடும். வாலு எங்கே மூக்கை வைத்துத் தூங்குகிறது? உன் நெஞ்சில். நீ விடுகிற மூச்சைத்தான் அது இழுக்கிறது. உன் உயிரை என்ன வேண்டுமானாலும் செய்துகொள், அது உன் சொத்து. வாலு உன் சொத்து இல்லை. அவள் கொடுத்துவிட்டுப் போனது.

அவள் உன் கையைப் பிடித்துக்கொண்டு சத்தத்தையா பார்த்துக்கொள்ளச் சொன்னாள்? சத்தம், வாலு, இரண்டையும் வைத்துக்கொள்ள முடியாது. ஒன்றை எடு.

புதன்கிழமை வந்து இறங்குகிறேன். முடிவு பண்ணிவிட்டுக் கதவைத் திற.

அக்கா

செப்டம்பர் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது அறிந்து நிம்மதி. இரண்டு மாதம் மாமாவைத் தனியாக விட்டுவிட்டு எனக்குக் கஞ்சி வைத்தாய். அவர் பசியோடு உன்னைத் திட்டியிருப்பார், அதில் பாதி எனக்குச் சேரவேண்டியது. இந்த முறை நான் நலம் என்றே எழுதலாம். நேற்று எடுத்த எக்ஸ்ரே படத்தில் இடது பக்கம் அடியில் இருந்த வெள்ளை மறைந்துவிட்டதாம். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் தன்னால் ஒன்றும் செய்ய முடிந்திருக்காது என்று டாக்டர் மறுபடியும் சொன்னார். உன்னிடம் சொன்னதைவிடக் கோபமாகச் சொன்னார்.

கடைசி அட்டை மாத்திரை வாங்கப் போனபோது கடைக்காரர் சீட்டை உற்றுப் பார்த்தார். "இதைத்தானே எலிக்குன்னு வாங்கினீங்க?" என்றார். "அதுக்கு நல்லாக் கேட்டுச்சு, அதான் நானும்" என்றேன். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. "பாலோட மட்டும் போட்டுக்காதீங்க" என்றார்.

சத்தம் போய்விட்டது. ஒரே நாளில் போகவில்லை, நீ இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்துகொண்டு வந்தது. கடைசியாகக் கேட்கிற நாளை ஞாபகம் வைத்துக்கொள்ளவேண்டும் என்று இருந்தேன். எந்த நாள் என்று தெரியாமலே போய்விட்டது. இப்போது மூச்சை அடக்கினாலும் விட்டாலும் வீடு ஒரே மாதிரிதான் இருக்கிறது.

உன்னிடம் நேரில் சொல்ல முடியாமல் போன ஒன்று உண்டு. என் நெஞ்சு சுத்தமானதிலிருந்து வாலு என் மேல் படுப்பதில்லை. ஏறி வரும், காதை வைக்கும், கொஞ்ச நேரம் காத்திருக்கும், இறங்கிவிடும். அவள் பக்கம் போய்த் தலையணைக்கு அடியில் தேடும், போர்வைக்குள் தேடும். என்மேல் ஆசை வந்துவிட்டது என்று நான் நினைத்தேனே, அது என்னைக் கேட்கவில்லை அக்கா, அவளைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. என்னைப் போலவே ஏமாந்திருக்கிறது. அதன் உயிருக்காகத்தான் மாத்திரை சாப்பிட்டேன். ஆனால் அதனிடமிருந்தும் அவளைப் பறித்துவிட்டேனே என்று அதன் முகத்தையே பார்க்க முடியவில்லை.

நேற்றுச் சாயங்காலம் ஷூவைக் கழற்றிவிட்டு, கட்டிலில் நான் படுக்கிற பக்கமாகவே படுத்தேன். வாலு மெதுவாக ஏறி வந்தது. அதற்கும் வயசாகிவிட்டது, பின்னங்கால் இழுக்கிறது. நெஞ்சில் காதை வைத்தது. நான் மூச்சை அடக்கவில்லை, சும்மா விட்டுக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் கேட்டது. அங்கே ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும், அதற்கும் தெரிந்திருக்கும். இறங்கிப் போகட்டும் என்று கையை நகர்த்தி வழி விட்டேன். போகவில்லை. பல்லை நறநறக்கவும் இல்லை. அங்கேயே சுருண்டு படுத்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை போன் செய். எடுக்கிறேன்.

தம்பி